பால் மறந்த பன்றிக்குட்டிகளுக்கு ஈஸ்ட்: வாங்கும் முன்பும் கலக்கும்போதும் பார்க்க வேண்டியவை

வெண்பன்றிப் பண்ணையில் அதிகக் கவலை தரும் காலம், குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்த முதல் பத்து, பன்னிரண்டு நாள்தான். பிரித்த அன்று துள்ளிக்கொண்டிருந்த குட்டி நாலாம் நாள் வயிறு ஒட்டி, பின்பக்கம் ஈரமாக மூலையில் போய் நிற்கும். இந்தக் கழிச்சலுக்கு முன்பெல்லாம் தீவனத்திலேயே கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைக் கலந்துவிடுவார்கள். 2019-இல் இந்திய அரசு உணவுக்காக வளர்க்கும் விலங்குகளில் அதற்குத் தடை போட்டது. ஐரோப்பிய ஒன்றியம், வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் சேர்ப்பதை 2006-லேயே நிறுத்திவிட்டது. குட்டிகளுக்கு மருந்தளவில் துத்தநாக ஆக்சைடு கொடுப்பதையும் 2022 ஜூனில் நிறுத்தியது. அந்த இடத்தை நிரப்ப வந்த பொருள்களில் ஒன்றுதான் ஈஸ்ட்.

ஈஸ்ட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது, எவ்வளவு போடுவது, கலப்பது எப்படி, காசுக்குப் பலன் இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி என்பதைப் புதிதாகப் பண்ணை தொடங்கியவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈஸ்ட் நல்ல துணைப்பொருள். ஆனால் பராமரிப்பு சரியாக இருக்கும் பண்ணையில்தான் அதன் பலன் கண்ணுக்குத் தெரியும்.

பிரித்த பிறகு குடலுக்குள் என்ன நடக்கிறது

தாயோடு இருக்கும் சின்னக் குட்டி ஏறக்குறைய மணிக்கு ஒருமுறை வெதுவெதுப்பான பாலைக் குடிக்கிறது. பிரித்ததும் அது நின்றுபோய், காய்ந்த மாவு மட்டும் தொட்டியில் இருக்கிறது. முதல் நாள் முழுக்க ஒன்றும் தின்னாத குட்டிகள் நிறைய உண்டு. சில குட்டிகள் இரண்டு நாள்கூட வாய் வைக்காது. ஆபத்து தொடங்குவது இந்தப் பட்டினியில்தான்.

நுண்குடலின் உள்சுவரில் விரல் போன்ற நுண்ணிய குடலுறிஞ்சிகள் இருக்கின்றன. குடலுக்குள் தீவனம் வந்துகொண்டே இருந்தால்தான் அவை உயரமாக இருக்கும். பட்டினி கிடந்தால் ஓரிரு நாளிலேயே குட்டையாகிவிடும். அதன் பிறகு குட்டி பசி தாங்காமல் ஒரேயடியாக நிறையத் தின்னும். செரிக்காத மாவும் புரதமும் பெருங்குடல்வரை போய் இ.கோலி கிருமிக்குத் தீனியாகும். தாய்ப்பாலில் வந்துகொண்டிருந்த எதிர்ப்புப் புரதமும் இப்போது இல்லை. குட்டியின் வயிறு இன்னும் போதுமான அமிலம் சுரக்கப் பழகவில்லை, அதனால் கிருமி வயிற்றிலேயே சாவதும் குறைவு. இவையெல்லாம் ஒரே வாரத்தில் சேர்ந்து வருவதால்தான் கழிச்சல்.

ஈஸ்ட் உதவுவது இந்தச் சங்கிலியின் ஒன்றிரண்டு கண்ணிகளில் மட்டும். தின்னாத குட்டியை அது தின்ன வைக்காது.

முதல் படி: ஈஸ்ட்டுக்கு முன்னால் செய்ய வேண்டியது

பிறந்த 10 முதல் 14 நாளுக்குள் குட்டித் தீவனத்தைக் காட்டத் தொடங்குங்கள். தாய் எட்டாத மூலையில், தட்டையான தட்டில் கைப்பிடி அளவு போட்டு, மிச்சத்தைத் தினமும் எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். பிரிக்கும் நாளில் தீவனத்தை மாற்றாதீர்கள். அதே குட்டித் தீவனம் இன்னும் ஒரு வாரமாவது தொடரட்டும், அப்புறம் ஏழு முதல் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக அடுத்த தீவனத்துக்கு மாற்றலாம். முதல் சில நாள் ஒரே வேளையில் கொட்டாமல் நாலைந்து வேளையாகப் பிரித்துப் போடுங்கள். எல்லாக் குட்டியும் ஒரே நேரத்தில் தலை நீட்டும் அளவுக்குத் தொட்டி நீளமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வலுவான குட்டிகள் மட்டுமே தின்னும்.

தண்ணீரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பால் குடித்தே பழகிய குட்டிக்கு நிப்பிளில் (வாயால் அழுத்தினால் தண்ணீர் விடும் குழாய் முனை) தண்ணீர் வரும் என்பது தெரியாது. முதல் இரண்டு நாள் நிப்பிள் லேசாகச் சொட்டும்படி விடுங்கள், அல்லது கூடவே ஒரு தொட்டியில் தண்ணீர் வையுங்கள். நிப்பிளை அழுத்தினால் நிமிடத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் வருகிறதா என்று ஒரு மக்கில் பிடித்துப் பாருங்கள். வெயில் காலத்தில் மாடித் தொட்டித் தண்ணீர் மதியம் கொதிக்கும், அதைக் குட்டி குடிக்காது. குழாயை நிழலில் கொண்டுவருவது ஈஸ்ட் வாங்குவதைவிட முக்கியமான வேலை.

தரை காய்ந்திருக்கட்டும். மார்கழி இரவில் குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று குவிந்து படுத்தால் குளிர்கிறது என்று பொருள். படுக்கும் பக்கம் காற்று அடிக்காமல் சாக்கு கட்டி, வைக்கோல் போடுங்கள். பிரிக்கும் நாளிலேயே தடுப்பூசி, குடற்புழு நீக்கம், ஆண்குட்டிக்கு விதை நீக்கம் என்று எல்லாவற்றையும் சேர்த்துச் செய்ய வேண்டாம். அவற்றை எந்த நாளில் வைப்பது என்று மருத்துவரிடம் கேட்டுத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

தீவனத்திலும் ஒரு விஷயம் உண்டு. கால்சியத்துக்காகச் சுண்ணாம்புத் தூளை அள்ளிப் போட்டால், ஏற்கெனவே குறைவாக இருக்கும் வயிற்று அமிலத்தை அது தின்றுவிடும். தாது உப்புக் கலவையிலேயே கால்சியம் இருக்கும், இரண்டையும் கூட்டிக் கணக்குப் பாருங்கள். புரதம் முழுவதையும் சோயாப் புண்ணாக்கிலிருந்தே எடுக்காமல், ஒரு பகுதியைத் தரமான மீன் தூளிலிருந்து எடுப்பது குட்டிக்கு நல்லது. உப்புக் கருவாட்டை அரைத்துச் சேர்ப்பவர்கள் உப்பின் அளவைப் பார்க்காமல் சேர்க்கக் கூடாது. தண்ணீர் குறைந்த நாளில் அது குட்டியைக் கொன்றேவிடும்.

இரண்டாம் படி: பையில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்வது

கடையில் ‘ஈஸ்ட்’ என்று கேட்டால் நாலு விதமான பொருள் வரும். நாலும் சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்ற ஒரே இனத்திலிருந்து வந்தவையாக இருக்கலாம். இடியாப்பம், புட்டு, முறுக்கு எல்லாம் ஒரே அரிசியிலிருந்து வந்தாலும் வேறு வேறு பண்டம் இல்லையா, அதுபோல இந்த நாலும் குடலுக்குள் செய்யும் வேலை வேறு.

முதலாவது உயிர் ஈஸ்ட். உலர்த்தப்பட்டிருந்தாலும் உயிரோடு இருக்கும், ஈரம் பட்டதும் விழித்துக்கொள்ளும். குடலில் வேலை செய்து, தனக்கென இடம் பிடிக்காமல் சாணத்தோடு வெளியேறிவிடும். ஈஸ்ட் நன்றாகப் பெருகுவது 30 டிகிரி செல்சியஸ் அளவில், பன்றியின் உடம்பு 39 டிகிரி. எனவே குடலில் அது பெரிதாகப் பெருகாது. ஒருநாள் போட்டுவிட்டு மூன்று நாள் விட்டால் பலன் இல்லை, தினமும் போக வேண்டும். இதில் ஒரு நல்ல அம்சம் உண்டு. பாக்டீரியாவால் ஆன புரோபயாடிக்கை (குடலுக்கு நல்லது செய்யும் நுண்ணுயிரை) ஆன்டிபயாடிக் கொன்றுவிடும், ஈஸ்ட் பூஞ்சை வகை என்பதால் அதைத் தொடாது. மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்த நாள்களிலும் உயிர் ஈஸ்ட்டைத் தொடரலாம்.

இரண்டாவது ஈஸ்ட் செல்சுவர். உயிர் இல்லாதது. ஈஸ்ட்டை அதன் சொந்த நொதிகளாலேயே உடையவிட்டு, உள்ளிருக்கும் சாற்றைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் உறை இது. பீட்டா குளூக்கானும் மானன் சர்க்கரையும் இதில் அதிகம். பீட்டா குளூக்கான் குடலில் காவல் இருக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களைத் தட்டி எழுப்பும். மானன் வேறு மாதிரி உதவுகிறது. சில கிருமிகள் மானோஸ் சர்க்கரையைப் பிடித்துக்கொண்டுதான் குடல் சுவரில் ஒட்டும். தீவனத்தில் அதே சர்க்கரை மிதந்து வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு வெளியேறும்.

விற்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் கூடுதலாகவே சொல்வார்கள். ‘எல்லா இ.கோலியையும் பிடித்து வெளியேற்றும்’ என்று சொன்னால் நம்ப வேண்டாம். பால் மறந்த குட்டிகளின் கழிச்சலுக்கு முக்கியக் காரணமான இ.கோலி, குடலில் ஒட்ட எஃப்4 என்ற கொக்கியைப் பயன்படுத்துகிறது. அந்தக் கொக்கி மானோஸைப் பிடிப்பதில்லை. செல்சுவரால் உதவி உண்டு, ஆனால் அதை மட்டும் நம்பித் தரையைக் கழுவாமல் விட முடியாது.

மூன்றாவது, ஈஸ்ட் கல்ச்சர் என்று விற்கப்படுவது. ஈஸ்ட்டை ஒரு தானியக் கலவையில் நொதிக்கவிட்டு, அந்தக் கலவையோடு சேர்த்தே உலர்த்துகிறார்கள். இதன் பலன் நொதித்தலில் உண்டான பொருள்களிலிருந்து வருகிறது, உயிர் எண்ணிக்கையிலிருந்து அல்ல. அதனால் கிலோக் கணக்கில் அதிகம் போட வேண்டியிருக்கும்.

நான்காவது ஈஸ்ட் சாறு. உள்ளிருக்கும் நியூக்ளியோடைடு, குளுட்டமிக் அமிலம் போன்றவை இதில் செறிவாக இருக்கும். வேகமாக வளரும் குடல் செல்களுக்கு இவை தேவைப்படும், சுவையும் கூடும். விலை அதிகம். சிறு பண்ணை இதிலிருந்து தொடங்க அவசியமில்லை என்பது என் எண்ணம்.

எதை வாங்குவது? நீங்களே மாவாக அரைத்துக் கலந்து போடுபவர் என்றால் உயிர் ஈஸ்ட்டிலிருந்து தொடங்கலாம். குருணைத் தீவனம் தயாரிக்கும் ஆலையில் கொடுத்துக் கலப்பவர் என்றால் யோசியுங்கள். அங்கே நீராவியில் 70, 80 டிகிரிவரை சூடேறும், சாதாரண உயிர் ஈஸ்ட்டில் பெரும்பகுதி செத்துவிடும். சூட்டைத் தாங்கும்படி மேல்பூச்சு கொடுத்த வகையைக் கேளுங்கள், அல்லது செல்சுவருக்கு மாறுங்கள். சூடு செல்சுவரை அவ்வளவாகப் பாதிக்காது.

பீர் ஆலையிலிருந்து வரும் ஈஸ்ட் சேறு மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அதைப் புரதத் தீவனமாகத்தான் பார்க்க வேண்டும். உலர்ந்த நிலையில் 40 விழுக்காட்டுக்கு மேல் புரதம் இருக்கும். ஆனால் உயிரோடு, ஈரமாக அப்படியே ஊற்றினால் வயிற்றில் போய் நுரைத்து, வயிறு உப்பிவிடும். நன்றாகக் கொதிக்க வைத்து ஆற்றிய பிறகே கொடுக்க வேண்டும். வெயிலில் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் தாங்காது. பால் மறந்த வாரத்தில் இதைத் தொடாமல், வளர்ந்த பன்றிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பேக்கரி ஈஸ்ட் அதே இனம்தான் என்றாலும், ரொட்டி மாவைப் பொங்க வைப்பதற்காகத் தேர்ந்தெடுத்த ரகம். தீவனத்துக்கான ரகங்கள் வயிற்று அமிலத்தையும் பித்தநீரையும் தாங்குகின்றனவா என்று சோதித்து எடுக்கப்பட்டவை.

மூன்றாம் படி: லேபிளில் உள்ள எண்ணை அளவாக மாற்றுவது

உயிர் ஈஸ்ட் பையில் ‘ஒரு கிராமுக்கு இத்தனை சி.எஃப்.யூ.’ என்று போட்டிருப்பார்கள். கிராமில் உயிரோடு இருக்கும் ஈஸ்ட்டின் எண்ணிக்கை அது. 10⁹ என்றால் 100 கோடி, 10¹⁰ என்றால் 1000 கோடி. மேலே உள்ள சின்ன எண் ஒன்று கூடினால் வீரியம் பத்து மடங்கு. விலையை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் ஏமாறுவது இந்தச் சின்ன எண்ணில்தான்.

பால் மறந்த குட்டிகளுக்குக் கிலோ தீவனத்தில் 100 கோடியிலிருந்து 1000 கோடிவரை உயிர் ஈஸ்ட் இருக்கும்படி கொடுப்பதே பொதுவான வழக்கம். ரகத்தைப் பொறுத்து மாறும் என்பதால் தயாரிப்பாளர் எழுதியுள்ள அளவே முதல் கணக்கு. நடுவாக 500 கோடி என்று வைத்துக்கொள்வோம். பையில் கிராமுக்கு 10¹⁰ என்று இருந்தால் கிலோ தீவனத்துக்கு அரை கிராம் போதும், அதாவது டன்னுக்கு அரைக் கிலோ. கிராமுக்கு 10⁹ மட்டுமே என்றால் டன்னுக்கு 5 கிலோ வேண்டும். இரண்டாவது பை பாதி விலைக்குக் கிடைத்தாலும் முதல் பைதான் மலிவு.

செல்சுவருக்கு இந்த எண்ணிக்கை பொருந்தாது. அதில் பீட்டா குளூக்கான், மானன் எத்தனை விழுக்காடு என்று எழுதியிருக்க வேண்டும். எழுதாத பையை வாங்காதீர்கள். வழக்கமான அளவு டன்னுக்கு 1 முதல் 2 கிலோ.

உற்பத்தித் தேதியையும் ரகத்தின் எண்ணையும் பாருங்கள். நல்ல தயாரிப்பில் ஈஸ்ட்டின் பெயரோடு ரகக் குறியீடும் இருக்கும். கடைக்காரர் பையை வெயில்படும் தகரக் கூரைக்குக் கீழே அடுக்கியிருந்தால் வேறு கடைக்குப் போய்விடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு சோதனை செய்யலாம். கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு கரண்டி சர்க்கரை கரைத்து, ஒரு கரண்டி ஈஸ்ட் தூவி வையுங்கள். கால் மணி, அரை மணியில் நுரைத்து எழுந்தால் உயிர் இருக்கிறது. எண்ணிக்கை சரியா என்பதை இது காட்டாது, செத்த சரக்கா என்பதை மட்டும் காட்டிவிடும். மேல்பூச்சு உள்ள வகை நுரைக்க நேரம் எடுக்கும்.

நான்காம் படி: கலப்பது

அரைக் கிலோ தூளை ஒரு டன் மாவில் நேராகக் கொட்டிக் கிளறினால் ஒரு மூட்டையில் எல்லாமும் இன்னொன்றில் ஒன்றும் இல்லாமலும் போகும். படிப்படியாகப் பெருக்கிக் கலக்க வேண்டும். 100 கிலோ தீவனத்துக்கு 50 கிராம் ஈஸ்ட் என்றால், அதை முதலில் அரைக் கிலோ மக்காச்சோள மாவில் கையால் நன்றாகக் கலக்குங்கள். அதை 5 கிலோ மாவில், அப்புறம் 20 கிலோவில், கடைசியாக முழுவதிலும். 50 கிராமை நிறுக்க சமையலறை மின்தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், கைமதிப்பு இங்கே உதவாது. தூள் பறக்கும் என்பதால் மூக்கைத் துணியால் கட்டிக்கொள்வது நல்லது.

ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலந்து, மூடிய டிரம்மில் நிழலில் வையுங்கள். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய மாவில் ஈஸ்ட் விழித்துச் செத்துவிடும். பிரித்த பையைக் காற்று போகாமல் கட்டி, குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். சூடான கஞ்சியிலோ, கொதிக்க வைத்த ஓட்டல் மிச்சத்திலோ உயிர் ஈஸ்ட்டைக் கலக்காதீர்கள். அது கை சூட்டுக்கு ஆறிய பிறகே கலக்க வேண்டும்.

ஓட்டல் மிச்சம் என்று சொன்னதால் இதையும் சொல்லியாக வேண்டும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020-இல் அசாம், அருணாசலப் பிரதேசம் வழியாக இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பன்றி இறைச்சித் துண்டு கலந்த மிச்சத்தின் மூலம் அது பண்ணைக்குள் வரும். மிச்சத்தைக் குறைந்தது அரை மணி நேரம் கொதிக்க வைக்காமல் ஒரு வேளைகூடப் போடாதீர்கள். குட்டிகளுக்கு முதல் மாதம் அதைக் காட்டவே வேண்டாம்.

மக்காச்சோளத்தில் பூஞ்சணம் இருந்தால் ஈஸ்ட்டால் சரிக்கட்டிவிடலாம் என்பதும் தவறான நம்பிக்கை. செல்சுவர் சில பூஞ்சண நஞ்சுகளை ஓரளவு பிடிக்கும் என்பது உண்மை. நம் ஊரில் அதிகம் பயப்பட வேண்டிய அஃப்ளாடாக்சினுக்குக் களிமண் வகை நஞ்சுப் பிடிப்பான்களே பலமானவை. சந்தேகம் இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உள்ள தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பிப் பாருங்கள்.

எப்போது தொடங்குவது, எத்தனை நாள்

பிரித்த அன்று தொடங்குவது தாமதம். குட்டித் தீவனத்திலேயே, பிரிப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பிருந்து சேர்த்து வாருங்கள். பிரித்த பின் நாலு வாரம் தொடர்ந்து, குட்டிகள் வளர்தீவனத்துக்கு முழுதாக மாறியதும் நிறுத்திவிடலாம். சினையின் கடைசி மாதத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் தாய்க்கும் உயிர் ஈஸ்ட் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கொட்டிலில் குட்டி முதலில் சந்திக்கும் கிருமிகள் தாயின் சாணத்திலிருந்து வருபவை என்பதால் அதில் நியாயம் உண்டு. ஆனால் தாய் தின்னும் அளவுக்குச் செலவு பெரிதாகும். முதல் வருடம் குட்டிகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஈஸ்ட் பற்றிய வெளிநாட்டு ஆய்வுகளில் பெரும்பாலானவை மூன்று, நாலு வாரத்தில் பிரித்த குட்டிகளை வைத்துச் செய்தவை. தமிழ்நாட்டுச் சிறு பண்ணைகளில் பலரும் 6 முதல் 8 வாரத்தில்தான் பிரிக்கிறார்கள். அந்த வயதில் குடல் கொஞ்சம் முதிர்ந்திருக்கும், பிரிக்கும் அதிர்ச்சியும் குறைவு. ஆகவே விளம்பரத்தில் காட்டும் அளவு வித்தியாசம் உங்கள் கொட்டகையில் வராமல் போகலாம். வருடத்துக்குக் கூடுதல் ஈற்று எடுக்க 4 வாரத்திலேயே பிரிப்பவர்களுக்குத்தான் இது அதிகம் தேவைப்படும்.

கழிச்சல் வந்துவிட்டால்

ஈஸ்ட் மருந்து அல்ல. கழிச்சல் தொடங்கிய குட்டியை உடனே தனியாக, காய்ந்த கதகதப்பான இடத்துக்கு மாற்றி, உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே இருங்கள். சாவது பெரும்பாலும் நீர் வற்றித்தான். கண் உள்வாங்கினால், தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு உடனே படியாமல் நின்றால், நேரம் கடத்தாமல் மருத்துவரை அழையுங்கள். கழிச்சலில் ரத்தம் இருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். கடுமையான காய்ச்சல், காதிலும் வயிற்றிலும் சிவந்த அல்லது நீலம் பாய்ந்த தோல், வயது வித்தியாசம் இல்லாமல் திடீர்ச் சாவு என்று கண்டால், பன்றிக் காய்ச்சலாக இருக்கலாம். ஒரு பன்றியையும் வெளியே விற்காமல் அரசு கால்நடை மருத்துவமனைக்கு அன்றே தகவல் சொல்ல வேண்டும்.

கடைசிப் படி: பலன் இருக்கிறதா என்று நீங்களே பார்ப்பது

இதைச் செய்யாமல் வருடக்கணக்கில் பை வாங்குபவர்கள்தான் அதிகம். பிரிக்கும் நாளில் எல்லாக் குட்டியையும் எடை போட்டு, ஒவ்வொரு ஈற்றையும் எடை சமமாக வரும்படி இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதிக்கு ஈஸ்ட் கலந்த தீவனம், மறு பாதிக்கு அதே தீவனம் ஈஸ்ட் இல்லாமல். கொட்டில், தண்ணீர், வேளை எல்லாம் ஒன்றுபோல் இருக்கட்டும். தீவனம் அள்ளும் முறத்தையும் டிரம்மையும் தனித்தனியாக வைத்து, நிறம் பூசிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் தினமும் காலையில் சாணத்தைப் பார்த்து உருண்டை, இளகல், கூழ், தண்ணீர் என்ற நாலு நிலைக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் போட்டு நோட்டில் எழுதுங்கள். 7, 14, 28-ஆம் நாள்களில் மறுபடி எடை.

ஒரு தொகுதியில் பத்துக் குட்டியில் வரும் சிறு வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கும். மூன்று தொகுதியாவது பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். எடையில் பெரிய மாற்றம் இல்லாமல், கழிச்சல் நாள்களும் சாவும் மட்டும் குறைந்தாலும் அது லாபம்தான்.

செலவுக் கணக்கு எளிது. பிரித்த நாலு வாரத்தில் ஒரு குட்டி 20 கிலோ தீவனம் தின்கிறது, ஈஸ்ட் கிலோ 600 ரூபாய், டன்னுக்கு 1 கிலோ போடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், கிலோ தீவனத்துக்கு 60 பைசா, குட்டிக்கு 12 ரூபாய். உங்கள் விலையையும் அளவையும் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். அந்தத் தொகை, உயிர் எடையாக விற்கும் பன்றியின் எத்தனை கிராமுக்குச் சமம் என்று பாருங்கள். நோட்டில் உள்ள எடை வித்தியாசமும் மிச்சமான மருந்துச் செலவும் அதைத் தாண்டினால் அடுத்த தொகுதிக்கும் வாங்குங்கள். தாண்டாவிட்டால் அந்தக் காசில் நிப்பிளும் இன்னொரு தீவனத் தொட்டியும் வாங்கிப் போடலாம்.